ஊட்டுல எத்தனை பேருங்க?

செருப்பை வாசலில் கழற்றும்போதே அவர் கேட்கிற முதல் கேள்வி அதுதான். "ஊட்டுல எத்தனை பேருங்க?"

முதல் தடவை வந்தபோது என் மனைவி அதை அப்படியே எடுத்துக்கொண்டு, "நாங்க ரெண்டு பேரு, பாப்பாங்க ரெண்டு, நாலு பேருங்க" என்றாள். ஏதோ கணக்கெடுப்புக்கு ஆள் வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. "ஆளுங்களக் கேக்கலீங்க அம்மிணி. செல்லு, டிவி, கேமரா, லேப்டாப்பு. வைஃபைல எத்தனை மாட்டியிருக்குதுங்க?" என்றார். அவள் விரல்விட்டு எண்ணி ஏழு என்றாள். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து ஏழு என்று எழுதிக்கொண்டு அதன் பிறகுதான் உள்ளே வந்தார்.

அவருக்குப் பெயர் இருந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை. மலைமேல் குண்டனி நாட்டில் எங்கள் பக்கத்து ஊர்களில் எல்லோருக்கும் அவர் லைன்காரர். அடிவாரத்தில் பேளுக்குறிச்சிப் பக்கம் வீடு. ஐம்பத்தைந்து வயது இருக்கும். இன்டர்நெட் லைன் இழுப்பது, அறுந்தால் ஒட்டுவது, பெட்டி மாற்றுவது எல்லாம் அவர் வேலை. நான் மிளகுத் தோட்டத்துக்குள் நாலு ரூம் கட்டிச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறவன். எங்கள் சரிவில் செல்போன் டவர் எட்டாது, செல்லில் பேசுவதும் வைஃபை வழியாகத்தான். வருகிறவர்கள் அருவியைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால் வைஃபை பாஸ்வேர்டைத்தான் கேட்பார்கள். அதனால் லைன்காரர் எங்களுக்கு டாக்டரைவிட முக்கியமான மனுஷர்.

அவருடைய லேப்டாப்பைப் பார்த்தால் காயலான் கடைக்காரனே யோசிப்பான். மூடியில் விரிசல், சார்ஜர் வயர் முழுக்கக் கறுப்பு டேப். "ரெண்டு ஜிபி மெமரிதானுங்க. விண்டோஸ் போட்டா மூச்சு வாங்கும். லினக்ஸ்னா சும்மா ஓடும்" என்பார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தோள் துண்டால் திரையைத் துடைத்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் படிப்பார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடும். படமில்லை, கலர் இல்லை. என் பிள்ளைகள் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு எழுந்து போய்விடும்.

அவர் செய்வது இவ்வளவுதான். ஒன்று முதல் இருநூற்றைம்பத்து நாலு வரை வீட்டு நெட்வொர்க்கில் எத்தனை நம்பர் இருக்க முடியுமோ அத்தனையையும் ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். பிங் என்று அதற்குப் பெயர். அவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தி நான் கேட்டதில்லை. கூப்பிட்டுப் பாக்குறது என்றுதான் சொல்வார். எங்கள் ஆட்களும் எதிர்ச் சரிவில் யார் இருக்கிறார்கள் என்று தெரிய ஒரு குரல் கொடுப்போம், இருந்தால் பதில் குரல் வரும். அதனால் எனக்கு அது சட்டென்று புரிந்துவிட்டது. "சில செல்லு கூப்புட்டா வாயத் தொறக்காதுங்க. திமிரு" என்பார். "ஆனா கதவத் தட்டுனா யாருன்னு எட்டிப் பாத்துரும். அது போதும் நமக்கு."

எட்டிப் பார்த்தவை எல்லாம் ஒரு பட்டியலில் வந்து நிற்கும். அக்கம்பக்கம் என்று பொருள்படும் ஒரு சின்னக் கட்டளை, நாலெழுத்தைத் தட்டினால் வரும். ஒவ்வொரு சாமானுக்கும் பிறக்கும்போதே போட்ட பன்னிரண்டு எழுத்து அடையாளம் ஒன்று உண்டு, அது ஒரு பக்கம். அதற்கு நேராக ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை. ரீச்சபிள், ஸ்டேல், ஃபெயில்டு. எனக்கு அதை அவர் தமிழில் சொல்லிக் கொடுத்தார். "மொதலாவது, இருக்குது. ரெண்டாவது, இருந்துச்சு. மூணாவது, இல்லை."

"இருந்துச்சுன்னா இப்ப இல்லைன்னுதானுங்களே அண்ணா அர்த்தம்?" என்று கேட்டேன்.

"இல்லீங்க தம்பி. கொஞ்சம் முந்தி பேசுச்சு, இப்ப கூப்புட்டுப் பாக்கல. அவ்வளவுதான். மறுக்காக் கூப்புட்டாத்தான் இருக்குதா இல்லையான்னு தெரியும்."

பட்டியலில் உள்ளதும் நோட்டில் எழுதியதும் ஒத்துப்போகும் வரை டீ குடிக்க மாட்டார். என் மனைவி டம்ளரைக் கொண்டுவந்து வைத்தால், "எண்ணிக்கை சரியாவட்டுங்க அம்மிணி" என்பார். ஆறிப்போகும். ஒரு தடவை ஏழுக்குப் பதில் எட்டு காட்டியது. நாங்கள் டிவியை அணைத்தோம், பிள்ளைகளின் டேப்லெட்டை அணைத்தோம், கேட்டில் இருக்கும் கேமராவைப் பிடுங்கினோம். எட்டாவது அசையவில்லை. விடுங்கண்ணா, எவனோ பாஸ்வேர்டு தெரிஞ்சவன் என்றேன். அவர் விடவில்லை. அந்த எட்டாவதை மட்டும் லைனிலிருந்து வெட்டிவிட்டு, வெளியே போய் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்து மனையில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு நேரம். செங்கல் அடுக்கில் உட்கார்ந்து செல்லில் படம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கொத்தனார் செல்லை உதறினார், தட்டினார், வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தார்.

லைன்காரர் நிதானமாக நடந்துபோய் அவர் முன்னால் நின்று, "நீங்கதானுங்களா எட்டாவது?" என்றார். திட்டவில்லை, குரல்கூட ஏறவில்லை. அந்தக் கொத்தனார் எழுந்து நின்றுவிட்டார்.

அன்றைக்கு அவர் போன பிறகு என் மனைவி சொன்னாள். "இந்த ஆளு தேடுறதப் பாத்தா எனக்கு என்னமோ பயமா இருக்குதுங்க."

நான் சிரித்தேன். எதைப் பார்த்தாலும் அவளுக்குப் பயம் என்று கேலி செய்தேன். இந்த விஷயத்தில் மட்டுமில்லை, பல விஷயத்தில் அவள் எனக்கு முன்னாலேயே உண்மையைப் பிடித்துவிடுவாள். அதை ஒப்புக்கொள்ள எனக்குத்தான் நாளாகும்.

இன்னொரு வேடிக்கையும் இருந்தது. அவர் தனியாக வர மாட்டார். ஒரு வேனில் வருவார், ஓட்டுவது அவருடைய மச்சினன். முப்பத்தைந்து வயது, கட்டுமஸ்தான ஆள். அவன் வேனைவிட்டு இறங்க மாட்டான். அரை மணி நேரம் ஆனதும் உள்ளிருந்தே, "என்ன மாமா, இருக்குதா?" என்று குரல் கொடுப்பான். இவர், "இல்லை மாப்ள" என்பார். லைன் வந்துவிட்டதா என்றுதான் கேட்கிறான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். லைன் நன்றாக வந்து பிள்ளைகள் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் இவர் இல்லை என்பார். அது எங்களுக்கு ஒரு சிரிப்பு. உப்பு இருக்கிறதா என்று நான் கேட்டால் "இல்லை மாப்ள" என்று என் மனைவி சொல்வாள்.

அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று தெரிந்தது அடுத்த வருஷம். அன்றைக்கு வேன் பஞ்சர், மச்சினன் டயரோடு செம்மேட்டுக்குப் போயிருந்தான். லைன்காரர் பட்டியலைப் பார்த்து முடித்தும் எழுந்திருக்காமல் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அதில் இருந்த ஒரு வரியைத் திரையோடு ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். பன்னிரண்டு எழுத்து. அது யாருடையது என்று கேட்டேன்.

"பொண்ணு செல்லுங்க" என்றார்.

ஒரே பெண். காலேஜ் முடித்த வருஷம் வீட்டைவிட்டுப் போய்விட்டாள். பையன் அதே ஊர்க் காலனிப் பையன். இதற்கு மேல் எனக்கு விளக்க வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை, உங்களுக்கு விளக்க வேண்டிய அவசியம் எனக்கும் இல்லை. சிம்மை மாற்றிவிட்டாள். செல்லை மாற்றவில்லை என்று ஒரு சிநேகிதி மூலம் தெரிந்திருக்கிறது. இருவரையும் மலைக்குப் போகிற பஸ்ஸில் பார்த்ததாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதிலிருந்து மலை லைன் முழுவதையும் இவர் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்.

"புதுச் செல்லெல்லாம் ஊட்டுக்கு ஒரு பேரச் சொல்லிப் பொய் பேசுதுங்க தம்பி. இது பழசு. நான் வாங்கிக் குடுத்தது. எங்க மாட்டுனாலும் உள்ள பேரத்தான் சொல்லும்."

பிறகு அவராகவே ஒன்று சொன்னார். பெண் வீட்டில் இருந்த காலத்தில் சாயங்காலம் ஆனால் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிடுவாராம். அவள் தெருமுனை திரும்பியதும் செல் வைஃபையைப் பிடித்துக்கொள்ளும், பட்டியலில் ஒன்று கூடும். உடனே சமையல்கட்டைப் பார்த்து, "சோறு போடு, வந்துட்டா" என்பாராம். கதவு அதற்குப் பிறகுதான் திறக்கும். அவள் போன அன்றைக்கும் பட்டியலில் அந்த வரி நின்றுகொண்டிருந்தது. இருந்துச்சு என்று காட்டியது. மறுபடி கூப்பிட்டால் இல்லை என்று மாறிவிடும். அதனால் கூப்பிடாமலேயே ஒன்பது நாள் லேப்டாப்பை அணைக்காமல் வைத்திருந்திருக்கிறார். பத்தாம் நாள் கரண்ட் போய், பேட்டரியும் தீர்ந்துவிட்டது.

அந்தப் பன்னிரண்டு எழுத்தை என்னையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். பரணில் கிடந்த என் பழைய லேப்டாப்பில் அவரே லினக்ஸ் போட்டுக் கொடுத்து, கேட் கேமராவைப் பார்க்க அது எப்போதும் ஓடிக்கொண்டிருக்கட்டும் என்றார். இரண்டு கட்டளைகளைக் கற்றுக்கொடுத்தார். "கண்ணுல பட்டாச் சொல்லுங்க தம்பி. பாத்தாப் போதும் எனக்கு."

அன்று மாலை மனைவியிடம் சொன்னேன். அவள் முறத்தில் மிளகைப் புடைத்துக்கொண்டே கேட்டாள், "கண்டுபுடிச்சு என்ன பண்ணுவாங்களாம்?"

எழுத்துகளை பீரோக் கதவின் உள்பக்கம் எழுதி வைத்திருந்தேன். எட்டு மாதம் கழித்து, ஆடி மாதத்துச் சாரலில், ரூம் சுத்தம் செய்யவும் சமையலுக்கும் ஆள் வேண்டும் என்று சொல்லி வைத்திருந்ததற்கு ஒரு ஜோடி வந்தது. வேறொரு எஸ்டேட்டில் இருந்தவர்கள், தெரிந்தவர் அனுப்பினார். பையன் வாய் திறக்காத உழைப்பாளி. பெண்ணுக்கு ஆறு மாதம். முதல் நாளே பாஸ்வேர்டு கேட்டாள், கொடுத்தேன். மறுநாள் காலையில் லைன் மந்தமாக இருக்கவே, கற்றுக்கொண்ட வித்தையைக் காட்ட ஆசைப்பட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். ரூம்கள் காலி, புதுசாக வாங்கிய டிவியோடு எட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது. ஒன்பதாவது வரியைப் படித்தேன். எழுந்துபோய் பீரோக் கதவைத் திறந்து ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தேன்.

நான் செல்லைக் கையில் எடுத்துவிட்டேன். நிஜமாகச் சொல்கிறேன், அந்த மனுஷர் முகம்தான் எனக்கு முன்னால் நின்றது. மனைவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "சொன்னதுக்கப்பறம் சொல்லலீன்னு ஆக்க முடியாதுங்க. மொதல்ல அந்தப் புள்ளையக் கேளுங்க."

அந்தப் பெண் அடுப்படியில் மரவள்ளிக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். அப்பா பெயரைச் சொன்னதும் கையிலிருந்த கத்தி நின்றது. அழவில்லை. "எங்கப்பா ஒண்ணும் பண்ண மாட்டாருங்க" என்றாள். "ஆனா அவரு தனியா வர மாட்டாருங்க. எங்க மாமன் கூட வரும்."

"ஆமா, வேன் ஓட்டிட்டு வருவாரு."

"அந்த வேன் சீட்டுக்கு அடியில என்ன வெச்சிருக்குதுன்னு எனக்குத் தெரியும்ங்க. நான் சின்னப் புள்ளையா இருக்கறப்ப இருந்து அங்கதான் வெச்சிருக்குது. எங்கம்மா முன்னாடி நின்னே மாமன் சொல்லியிருக்குது, என்னையக் கண்டா அந்த எடத்துலயே முடிச்சிருவேன்னு."

என் வாசலில் அந்த வேன் எத்தனை தடவை நின்றிருக்கிறது. 'இருக்குதா?' என்று அவன் கேட்டதை வைத்து நாங்கள் எத்தனை தடவை சிரித்திருக்கிறோம். செல்லை மாற்றிவிடு கண்ணு என்று மனைவி சொன்னாள். "அப்பா வாங்கிக் குடுத்ததுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் கிழங்கைச் சீவ ஆரம்பித்தாள். அந்த வாரக் கடைசியில் வேறு இடம் பார்த்துப் போய்விடுவது என்று முடிவானது. இடம் பார்க்கப் பையன் கிளம்பிப் போனான்.

அதற்குள் காற்றில் ஒரு சில்வர் ஓக் கிளை முறிந்து லைன் மேல் விழுந்தது. இன்டர்நெட் போய்விட்டது. நான் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் கீழே ஆபீசில் தெரிந்துவிடும் என்பது என் மண்டையில் ஏறவில்லை. மறுநாள் காலை கீழ்வீட்டுக்காரர், லைன்காரர் வேன் கோயில் திருப்பத்தில் நிற்கிறது, போஸ்ட் போஸ்ட்டாகப் பார்த்துக்கொண்டு வருகிறார் என்று குரல் கொடுத்தார். வெளி லைன்தான் அறுந்திருந்தது, வீட்டுக்குள் வைஃபை ஓடிக்கொண்டுதான் இருந்தது. பதற்றத்தில் நான் செய்த முதல் காரியம், அவள் செல் பட்டியலில் தெரிகிறதா என்று லேப்டாப்பில் கூப்பிட்டுப் பார்த்தது. தெரிந்தது. செல்லை அணைத்துவிட்டு ஓடு சாமி என்றேன். மனைவி அவளை அழைத்துக்கொண்டு தோட்டத்து வழியாக மேல்ஊருக்கு ஏறினாள்.

அவர் லேப்டாப்பில் எதுவும் தெரியப்போவதில்லை என்று நான் தைரியமாக நின்றேன். அன்றைக்குப் பார்த்து மழையில் அவர் பை நனைந்து, அந்த லேப்டாப் உயிர்பெற மறுத்தது. "உங்களதக் குடுங்க தம்பி" என்றார். எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன்.

கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கூப்பிடுவதற்கு முன்னால், ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்க்க நாலெழுத்தைத் தட்டினார். பட்டியல் வந்தது. விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி, ஒன்பதாவதில் நின்றது. பன்னிரண்டு எழுத்து, நேராக ஸ்டேல். இருந்துச்சு. காலையில் நான் கூப்பிட்டுப் பார்த்ததால்தான் அந்த வரி அங்கே நின்றது. அவள் போன பிறகு இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தால் இல்லை என்று ஆகி, எழுத்துகளும் மறைந்திருக்கும். அவ்வளவு சொல்லிக் கொடுத்திருந்தார் மனுஷர். எனக்கு அது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"என்ன மாமா, இருக்குதா?"

இவர் பதில் சொல்லவில்லை. வேன் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. அத்தனை நாளில் அன்றைக்குத்தான் அவன் இறங்கினான். "காட்டுங்க மாமா, நானும் கத்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே ஈரக்காலோடு படியேறினான்.

லைன்காரர் விரல்கள் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. ஒரே வரி தட்டினார், பட்டியல் அழிந்து திரை காலியானது. மச்சினன் தோளுக்குப் பின்னால் வந்து குனியும்போது அவர் ஒன்றிலிருந்து கூப்பிட ஆரம்பித்திருந்தார். புதுப் பட்டியல் வந்தது. ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். டிவி, கேமரா, டேப்லெட்டு, தம்பி செல்லு.

"எட்டு பேருங்களா தம்பி?"

"எட்டுங்க" என்றேன்.

"எண்ணிக்கை சரியா இருக்குது. இல்லை மாப்ள." பிறகு என்னைப் பார்த்து, "டீ குடுங்க" என்றார்.

மனைவி இல்லாததால் நானே போட்டுக் கொண்டுவந்தேன். எண்ணிக்கை சரியில்லாமல் அவர் டீ குடித்தது அன்று ஒருநாள்தான். மச்சினன் வேனைத் திருப்பப் போனதும் டம்ளரை என் கையில் கொடுத்துக்கொண்டே, உதடு அசையாமல் கேட்டார்.

"நல்லா இருக்குதுங்களா?"

"இருக்குதுங்கண்ணா. ஐப்பசியில எண்ணிக்கை ஒண்ணு கூடுதுங்க."

ஹாரன் அடித்தது. "செல்ல மாத்தச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார். இரண்டு தடவை வலது காலை இடது செருப்புக்குள் விட்டார்.

இரண்டு நாளில் அந்தப் பெண்ணும் பையனும் போய்விட்டார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அந்தச் செல்லை என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். போகும்போது அவள், 'மாதம் ஒரு தடவை கூப்பிடுகிறேன், லைன் சரியாக இருக்கிறதா என்று கேட்பேன், அப்பா நன்றாக இருந்தால் இருக்கிறது என்று சொல்லுங்கள்' என்றாளாம்.

ஆவணியில் அவர் ஒரே ஒரு தடவை தனியாக, பஸ்ஸில் வந்தார். மச்சினனிடம் ஆஸ்பத்திரி என்று சொல்லியிருக்கிறார். செல்லை அவர் கையில் வைத்தோம். ஆன் செய்யவில்லை. வெகுநேரம் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். "மொத ஆறு மாசம் நானும் மச்சினன் நெனப்புலயேதானுங்க தேடுனேன்" என்றார். "பொய் சொல்லக் கூடாது. கெடைச்சிருந்தா நானே அவன் கையில புடிச்சுக் குடுத்திருப்பேன். கூப்புட்டுக் கூப்புட்டு, இல்லை இல்லைன்னு பாத்து, எப்பன்னு தெரியல, இருந்தாப் போதும்னு ஆயிருச்சு." அந்த ஆறு மாதத்துக்காக என் மனைவி அவரை மன்னிக்கவில்லை என்று அவள் முகத்தில் தெரிந்தது. நான் மன்னித்தேனா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

பக்கெட்டில் தண்ணீர் கேட்டார். செல்லை அதில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்திருந்தார். குமிழி நின்ற பிறகு எடுத்து, கல்லில் வைத்து இன்னொரு கல்லால் தட்டினார். நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டார். "இனி எங்கியும் பேரச் சொல்லாதுங்க" என்றார். டீ குடிக்காமல் போனார்.

புரட்டாசி மழையில், கீழே ஒரு போஸ்ட் மேலிருந்து வழுக்கி விழுந்து செத்துப்போனார்.

இழவுக்குப் போனேன். அவர் சம்சாரம் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. மச்சினன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். ஒன்றை எனக்குத் தள்ளிவிட்டுச் சொன்னான், "கருமாதிக்கு வருவாளுங்க. பெத்த அப்பன் செத்ததுக்கு வராம எங்க போவா? வரட்டும்னுதான் பேப்பர்லகூடப் போட்டிருக்கறேன்." அடுத்த நாற்காலியைப் பிரித்தான். "உங்க மலையிலதான் எங்கியோ இருக்கறான்னு எனக்கு ஒரு நெனப்புங்க. உங்க பக்கம் இருக்குதா?"

"இல்லீங்க" என்றேன். லைன்காரர் சொன்ன அதே வார்த்தை. அவரைப் போல நிதானமாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

ஐந்தாம் நாள் அவள் கூப்பிட்டாள். புது நம்பர். "ஏனுங்க, லைனு சரியா இருக்குதுங்களா?"

பேப்பர் அவள் கண்ணில் படவில்லை என்று அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது. என் மனைவி எதிரில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் முழுக்க எங்களுக்குள் அதே சண்டைதான். அப்பன் செத்தது தெரியாமல் ஒரு பிள்ளை இருக்கலாமா என்று அவள் கேட்டாள். தெரிந்தால் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுவாளே என்று நான் கேட்டேன்.

"இருக்குது கண்ணு" என்றேன். "நேத்துக்கூட வந்து பாத்துட்டுப் போனாரு."

மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

கருமாதி முடிந்தது. மச்சினன் ஆட்களோடு மூன்று நாள் பஸ் ஸ்டாண்டில் நின்றான் என்று கேள்விப்பட்டேன். இனி சொல்லிவிடலாம், அடுத்த தடவை கூப்பிட்டால் முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும் என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். எப்படி ஆரம்பிப்பது என்றுகூட ஒத்திகை பார்த்தேன்.

ஐப்பசிக் கடைசியில் ஒரு மத்தியானம் கூப்பிட்டாள். குரல் களைத்திருந்தது. பின்னால் ஒரு குழந்தை வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது.

"பொண்ணுங்க. அப்பா லைன் பாக்க வந்தா, எண்ணிக்கை ஒண்ணு கூடியிருச்சுன்னு சொல்லிருங்க. அவருக்குப் புரியும்."

"சொல்லிடறேன் சாமி" என்றேன்.